ஆடி 25

குடியை விடுவதற்கு நான் வைத்த தேதிகளை ஒரு நோட்டில் எழுதினால் வீட்டுப் பஞ்சாங்கத்தைவிடக் கொஞ்சம் தடிமனாக இருக்கும். ஒரு தைப்பொங்கல். பெரியவளுக்கு மஞ்சள் நீராட்டு வைத்த நாள். சபரிமலைக்கு மாலை போட்ட கார்த்திகை. என் நாற்பதாவது பிறந்தநாள் (எங்கள் வீட்டில் யாரும் பிறந்தநாள் கொண்டாடியதே இல்லை, அன்றைக்கு மட்டும் எப்படியோ ஞாபகம் வந்தது). ஒரு தடவை அக்டோபர் 2. அந்தக் கதையைச் சொன்னால் மற்றதெல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

காந்தி ஜெயந்திக்கு டாஸ்மாக் கிடையாது. கடையே இல்லாத நாளில் ஆரம்பித்தால் முதல் நாள் சுலபமாகக் கழியும் என்று கணக்குப் போட்டேன். நல்ல கணக்குதான். ஆனால் அக்டோபர் 1 சாயங்காலம், நாளைக்குக் கடை லீவாச்சே என்று வருஷா வருஷம் செய்கிற மாதிரியே வரிசையில் நின்று இரண்டு குவார்ட்டர் சேர்த்து வாங்கி வந்துவிட்டேன். பையை வீட்டில் வைத்த பிறகுதான், நாளையிலிருந்து விடப்போகிறோம் என்பதே நினைவுக்கு வந்தது. காசு கொடுத்து வாங்கியதை வீணாக்குவதா? காந்தி பிறந்தநாளைத் திண்ணையில் உட்கார்ந்து குடித்தபடி கழித்தேன்.

பாலக்கோடு பக்கம் எனக்கு இரண்டு ஏக்கர் மல்பெரித் தோட்டம் இருக்கிறது. பட்டுப்புழு வளர்க்கிறேன். அதற்கு முன் ஓசூரில் ஒரு கம்பெனியில் பத்து வருஷம் ஷிப்ட் வேலை. குடிக்கப் பழகியது அங்கேதான். இந்தப் பக்கம் பகல் 12 மணிக்குத்தான் கடை திறக்கும், நைட் ஷிப்ட் முடிந்து வருகிறவனுக்கு அதுவரை பொறுமை ஏது? பஸ் ஏறினால் கர்நாடகத்து அத்திப்பள்ளி. நம் ஊரில் திருவள்ளுவர் தினத்துக்குக் கடை அடைப்பார்கள், கர்நாடகத்துக்கு அந்தக் கணக்கெல்லாம் இல்லை. அன்றைக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் பார்த்தால் பாதி ஓசூர் நிற்கும். நானும் நின்றிருக்கிறேன்.

ஊருக்குத் திரும்பிப் புழு வளர்க்க ஆரம்பித்ததும் குடி குறையும் என்று என் மனைவி நம்பினாள். புழு வளர்ப்பில் ஒரு விஷயம் இருக்கிறது. பணம் மாதாமாதம் கொஞ்சமாக வராது. கூடு விற்ற அன்றைக்கு மொத்தமாக வரும். தருமபுரி பட்டுக்கூடு அங்காடியில் என் லாட் ஏலம் போய், எடை போட்டு, சீட்டு கையில் வந்ததும் கால் தானாக எங்கே போகும் என்று அதற்கே தெரியும். 200 முட்டைத் தொகுதிக்கு 150 கிலோ கூடு வந்தால் நல்ல அறுவடை. அந்தச் சந்தோஷத்துக்குக் குடிப்பேன். பால் நோய் வந்து பாதிப் புழு செத்தால் அந்தத் துக்கத்துக்கும் அதே கடைதான். நாளாக நாளாக, விற்ற அன்று மட்டும் என்பது தினமும் என்றாகி, சாயங்காலம் என்பது காலை ஆறு மணி என்றாகிவிட்டது.

எங்கள் தாத்தாவுக்கு என் குடி ஒரு வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும், உயிரோடு இருந்திருந்தால். அவர் சிறு பையனாக இருந்தபோது நடந்ததை அடிக்கடி சொல்வார். நம் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி முதலமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்ததும் மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில்தான், 1937 அக்டோபர் 1-ம் தேதி. தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அப்போது சேலம் மாவட்டம்தானே. கள்ளுக்கடையை மூடியதும் தாத்தாவின் அப்பா ஒரு வாரம் யாரோடும் பேசவில்லையாம். அப்புறம் ஈச்சமரத்தை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நடப்பாராம். கலால் வருமானம் போனதற்கு ஈடாக 1939-ல் விற்பனை வரி போட்டார்கள். 1971-ல் மறுபடி கடை திறந்தது, கொஞ்ச வருஷத்தில் மூடியது, பிறகும் திறந்தது, 2003-லிருந்து சில்லறைக் கடையையே அரசு நடத்துகிறது. தேதி வைப்பதிலும் தேதி மாற்றுவதிலும் நான் மட்டும் தனி ஆள் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். சமாதானம்தான். குடிகாரனுக்குச் சமாதானத்தில் பஞ்சமே இருக்காது.

நான் வைக்காமலே ஒரு தேதி வந்தது. 2020 மார்ச் 24. கொரோனாவுக்காக அன்று மாலையோடு கடைகளை மூடினார்கள். அப்போது தினமும் ஒரு ஆஃப் போய்க்கொண்டிருந்தது. வீட்டில் மிச்சம் எதுவும் இல்லை. சரி, இதுவும் நல்லதுக்குத்தான் என்று நினைத்தேன். 26-ம் தேதி காலை டம்ளரைப் பிடிக்க முடியவில்லை, காபி வேட்டியில் சிந்தியது. வேர்வை, வாந்தி, இரவு பொட்டுத் தூக்கம் இல்லை. 27 இரவு சுவர் முழுக்கப் புழு. கூடு கட்டுவதற்கு முந்தைய ஐந்தாம் பருவத்துப் புழு, விரல் தடிமனில், வெள்ளை வெளேரென்று சுவரிலிருந்து உதிர்கிறது. "தட்டு சாஞ்சிடுச்சு, பொறுக்கு, பொறுக்கு" என்று கத்திக்கொண்டு தரையில் உருண்டு பொறுக்கியிருக்கிறேன். அந்தச் சமயம் எங்கள் புழு மனையில் ஒரு புழுகூட இல்லை. சின்னவன் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அப்போது ஏழு வயது. மற்றதெல்லாம் பிறர் சொல்லித்தான் தெரியும், கதவோரம் அவன் நின்றது மட்டும் எப்படியோ எனக்கே நினைவிருக்கிறது.

பக்கத்து வீட்டுக் குட்டியானையில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கேதான் முதன்முதலாக ஒருவர் விளக்கிச் சொன்னார். வருஷக்கணக்காகத் தினமும் குடித்தால் மூளை அந்த மந்தத்துக்குப் பழகி, அதை ஈடுகட்ட எந்நேரமும் வேகமாக ஓடிக்கொண்டிருக்குமாம். சாராயத்தைத் திடீரென்று நிறுத்தினால் மந்தம் போய்விடும், வேகம் மட்டும் அப்படியே இருக்கும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் இப்படிப் புத்தி பேதலிக்கலாம். கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். "விடறது நல்லதுதான். இந்த நிலைமையில வீட்ல இருந்துக்கிட்டு ஒரேயடியா விடறதுதான் ஆபத்து" என்றார்.

பிழைத்து வந்தேன். மே 7 கடை திறந்து, ஓரிரு நாளில் நீதிமன்றம் மூடச் சொன்னது. அப்போது நான் போகவில்லை, உள்ளூரப் பெருமையாக இருந்தது. மே 16 மறுபடி திறந்தார்கள். போனேன்.

மூன்று வருஷம் அப்படியே ஓடியது. அதற்குள் அம்மா ஒரு வேலை செய்திருக்கிறாள். எங்கேயோ விளம்பரம் பார்த்து, குடிப்பவருக்குத் தெரியாமல் ரசத்தில் கலந்து கொடுக்கும் பொடி என்று ஒன்றை 2,500 ரூபாய்க்கு வாங்கி அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்தாள். நல்லவேளை, கலப்பதற்குள் என் மனைவி பார்த்துவிட்டாள். பின்னால் மனநல டாக்டரிடம் இதைச் சொன்னபோது அந்தம்மாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். டைசல்பிரம் என்று நிஜமாகவே ஒரு மாத்திரை இருக்கிறதாம். அதைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் இறங்கும். சம்பந்தப்பட்டவருக்குத் தெரிந்து, டாக்டர் பார்வையில்தான் கொடுக்க வேண்டும், தெரியாமல் கொடுத்தால் ஆளையே கொன்றுவிடும் என்றார். அந்த விளம்பரப் பொடியில் என்ன இருந்ததோ, அது தென்னைமரத்தடிக்குப் போய்விட்டது.

டாக்டரிடம் போனது 2023 ஜூலை கடைசியில். போன காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. புழு கூடு கட்டும் பிளாஸ்டிக் வலையான நெட்ரிகாவில் விட, பழுத்த (கூடு கட்டத் தயாரான) புழுவை எடுக்கும்போது என் விரல் நடுக்கத்தில் ஒரு புழு நசுங்கியது. அதைப் பார்த்துவிட்டு என் மனைவி திட்டவில்லை. "நீங்க தள்ளுங்க, நான் எடுத்துக்கறேன்" என்றாள். பதினைந்து வருஷத்தில் அவள் திட்டாத முதல் சந்தர்ப்பம் அது. எனக்குப் பயமாகிவிட்டது.

டாக்டர் சின்ன வயசு. கேட்ட கேள்விகளும் சின்னச் சின்னதுதான். காலையில் எழுந்ததும் கை நடுங்குதா? முதல் ரவுண்டு எத்தனை மணிக்கு? முன்னாடி விட்டபோது வலிப்பு வந்ததா? எதையாவது பார்த்தீங்களா? சுவரில் புழு பார்த்ததைச் சொன்னேன். எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"அண்ணா, நீங்களா வீட்ல விடக் கூடாது. இங்க வந்து அஞ்சாறு நாள் தங்கணும். நீங்களே ஒரு தேதி சொல்லுங்க. ஆனா ரெண்டு வாரத்துக்குள்ள."

"கூடு வித்துட்டு வந்துடறேன் டாக்டர்."

"வித்துட்டு எத்தனை நாள்ல?"

வாயைத் திறந்தேன், பதில் வரவில்லை. பக்கத்தில் இருந்த என் மனைவி சொன்னாள், "எட்டாம் தேதி விக்கிறோம். பத்தாம் தேதி வந்துடறோம்." நடுவில் ஒரு நாள் எதற்கு என்றால், மனையைக் கழுவி பிளீச்சிங் பவுடர் கரைசல் அடித்துவிட்டு வர வேண்டும். அடுத்த சாக்கிப் புழு (வளர்ப்புக்கு வாங்கும் இளம் புழு) 21-ம் தேதிக்குச் சொல்லியாயிற்று. மனை காலியாகக் கிடக்கிற நாட்கள் அவைதான். நான் வைத்த தேதியெல்லாம் பொங்கலும் பிறந்தநாளுமாக இருந்தது. அவள் புழுவின் காலண்டரைப் பார்த்து வைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் ஆகஸ்ட் 10 என்பது ஆடி 25. அம்மா ஒத்துக்கொள்ளவே இல்லை. "ஆடியில யாராச்சும் நல்ல காரியம் ஆரம்பிப்பாங்களா கண்ணு? ஆவணி பொறக்கட்டுமே. இன்னும் ஒரு வாரந்தானே?" எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. பெற்ற தாயே தவணை கொடுக்கிறாள்! ஆமாம்மா, நீ சொல்றதும் சரிதான் என்று இழுத்தேன். என் மனைவி அடுப்பிலிருந்து திரும்பக்கூட இல்லை. "ஆரம்பிக்கத்தான் ஆடி ஆகாது அத்தை. விடறதுக்கு என்ன?" என்றாள்.

அந்தப் பத்து நாட்களைப் பற்றித்தான் முக்கியமாக எழுத நினைத்தேன். சேர்கிற நாள்வரை சட்டென்று நிறுத்தவும் கூடாது, ஏற்றவும் கூடாது என்பது டாக்டர் சொன்ன நிபந்தனை. என்னிடம் பாட்டிலைக் கொடுத்துவிட்டு அளவு எதிர்பார்க்க முடியுமா? ஆக, ஊற்றிக் கொடுக்கும் வேலை என் மனைவி தலையில் விழுந்தது. மச்சான் வாங்கி வருவான். "மாமா, இந்தக் கடைக்கு நான் போறதை எங்க அக்காவே அனுப்பி வைக்கும்னு கனவுலயும் நெனைக்கல" என்பான். சின்னவனுக்குக் காய்ச்சல் மருந்து கொடுக்கும் அளவுக் கப்பை அவள் எடுத்து வைத்துக்கொண்டாள். காலை ஏழு, பகல் ஒன்று, சாயங்காலம் ஆறு, இரவு ஒன்பது. கோடுவரை ஊற்றி டம்ளரில் கவிழ்ப்பாள். மூக்கை முந்தானையால் மூடிக்கொள்வாள். நான் குடித்து முடிக்கும்வரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பாள். இத்தனை வருஷம் ஒளித்து ஒளித்துக் குடித்தவனுக்கு, கட்டினவள் கையால் கணக்காக வாங்கிக் குடிப்பது என்னவோ மாதிரி இருந்தது. போதையும் ஏறவில்லை. நடுக்கம் மட்டும் அடங்கியது. அப்போதுதான் உறைத்தது, ரொம்ப நாளாகவே இது எனக்கு மருந்தாகத்தான் இருந்திருக்கிறது. சந்தோஷமெல்லாம் எப்போதோ கழன்று போயிருக்கிறது.

எட்டாம் தேதி கூடு விற்கப் போனபோது அவளும் வந்தாள். சீட்டை அவள் கையில் வாங்கிக்கொண்டாள். அன்றைக்குத் தேய்பிறை அஷ்டமி. அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலில் சாம்பல் பூசணியில் விளக்கேற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு வர வேண்டும் என்றாள். கூட்டத்தில் இரண்டு மணி நேரம் நின்றோம். கடவுள் விஷயத்தில் நான் அரைகுறை. ஆனால் வழக்கமாகக் கடையில் இருக்கும் அந்த இரண்டு மணி நேரம் வரிசையில் கழிந்ததே, அதற்குப் பைரவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஒன்பதாம் தேதி இரவு தம்பி முறையாகும் ஒருவன் வந்தான். தக்காளி போடுகிறவன். அந்த ஆடியில் தக்காளி விலை எங்கேயோ போயிருந்தது, ராயக்கோட்டை மார்க்கெட்டில் நல்ல காசு பார்த்திருந்தான். "நாளைக்குத்தானே போற? இன்னைக்கு ஒரு நாள் கடைசியா நல்லா சாப்பிடுவோம்ணா. என் செலவு" என்றான். நான் வைத்த எல்லாத் தேதிக்கும் முந்தின இரவு இப்படி ஒரு 'கடைசியா' இருந்திருக்கிறது. தேதி என்று ஒன்று வைத்ததே அந்த முந்தின இரவுக்காகத்தானோ என்றுகூடச் சந்தேகம் உண்டு. "ஒம்பது மணிக்கு உங்க அண்ணி ஊத்துவா, அதோட சரி" என்றேன். சிரித்துவிட்டுப் போனான்.

ஆஸ்பத்திரியில் சொல்ல அதிகமில்லை. முதல் நாளே வைட்டமின் பி1 ஊசி, நடுக்கத்துக்கு மாத்திரை. மாத்திரை அளவைத் தினமும் கொஞ்சமாகக் குறைத்தார்கள். மூன்றாம் இரவு வந்தபோது சுவரையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். சுவர் சுவராகவே இருந்தது. ஆகஸ்ட் 15 அன்று பக்கத்துக் கட்டில்காரர், "இன்னைக்கு ஊர்ல எல்லாருக்கும் டிரை டே, நாம சீனியர்" என்றார். 16-ம் தேதி வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்சோன் என்று ஒரு மாத்திரை எழுதினார்கள். மாதாமாதம் வரச் சொன்னார்கள். ராத்திரியில் மனசு கிடந்து அடித்தால் 14416-க்குக் கூப்பிடச் சொன்னார்கள். டெலி மனஸ் என்று பெயர், காசில்லை, தமிழிலேயே பேசுகிறார்கள். இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறேன். இரண்டாம் தடவை குடியைப் பற்றிப் பேசவே இல்லை, சின்னவனைப் பற்றித்தான் பேசினேன்.

21-ம் தேதி சாக்கிப் புழு வந்தது. இரண்டாம் தோலுரிப்பு முடிந்த புழு வந்தால் பழுக்கப் பதினெட்டு, பத்தொன்பது நாள். அதுவரை வேறு எங்கேயும் நகர முடியாது. ஐந்தாம் பருவத்தில் இலை கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும், மொத்தத் தீனியில் பெரும்பங்கை அந்த ஒரு வாரத்தில்தான் தின்னும். முன்பெல்லாம் ராத்திரித் தீனி என் மனைவி பாடு. நான் கட்டிலில் கிடப்பேன். இந்தத் தடவை எட்டு மணித் தீனியை நானே போட்டேன். முதல் இரண்டு வாரம் ஆறு மணியிலிருந்து எட்டு மணிவரை என்ன செய்வதென்றே தெரியவில்லை. ஒரு நாளில் இவ்வளவு நேரம் இருக்கிறதா என்று எரிச்சலாக வரும். இனிப்பு தின்பேன். கடலை மிட்டாய் டப்பா டப்பாவாகத் தீர்ந்தது.

கூடு விற்ற அன்று தாண்டினேன். தீபாவளியில் மாட்டினேன். ஓசூரில் சகலை வீட்டு மொட்டைமாடி, நவம்பர் 12, ஒரே ஒரு பீர். எல்லோரும் வற்புறுத்தினார்கள் என்று எழுதலாம், அது பொய். யாரும் கேட்கவில்லை, நானேதான் எடுத்தேன். மறுநாள் காலை நானே மனைவியிடம் சொன்னேன். அவள் ஒன்றும் பேசாமல் போனை எடுத்துக் கொடுத்தாள். டாக்டர் கேட்டது, "ரெண்டாவது எடுத்தீங்களா? இல்லையா? அப்ப இன்னைக்கே வாங்க" என்றுதான்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு கணக்கு. என்னைக் கேட்டால் ஆகஸ்ட் 10. பெரிய வேலையெல்லாம் அன்றைக்கு நடந்தது, ஒரு பீருக்காக அதை அழிப்பேனா? அவளுக்கு நவம்பர் 13. தினசரிக் காலண்டரில் அந்தத் தாளைக் கிழிக்காமல் மடித்து வைத்திருக்கிறாள். இதில் இன்றுவரை சண்டைதான். மச்சான் இரண்டையும் கூட்டி இரண்டால் வகுக்கலாம் என்கிறான்.

போன வாரம் அந்தத் தக்காளித் தம்பி தோட்டத்துக்கு வந்தான். கொஞ்ச நேரம் இலையைக் கிள்ளிக்கொண்டு நின்றான். "அண்ணா, எனக்கும் ஒரு தேதி பார்த்துச் சொல்லேன்" என்றான். காலையில் கை நடுங்குதா என்று கேட்டேன். கையை லுங்கி மடிப்புக்குள் விட்டுக்கொண்டான். "அப்ப தேதி கெடக்கட்டும், முதல்ல டாக்டரைப் பார்த்துட்டு வருவோம். திங்கக்கிழமை காலையில பஸ் ஸ்டாண்டுக்கு வா" என்றேன். தலையாட்டினான்.

திங்கட்கிழமை பத்து மணிவரை பஸ் ஸ்டாண்டில் நின்றேன். போன் எடுக்கவில்லை. ஒரு டீ குடித்துவிட்டு நான் மட்டும் போய் மாத்திரை வாங்கிக்கொண்டு வந்தேன். சாயங்காலம் அவனே கூப்பிட்டு, "தக்காளிக்கு மருந்தடிக்க வேண்டியதா போச்சுண்ணா, வர்ற திங்கக்கிழமை கண்டிப்பா" என்றான். சரி, வர்ற திங்கட்கிழமையும் நிற்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.